நிழலுக்குப் பட்டா இல்லை: சாந்து மொஃபோகெங்கின் நிலப்படங்களை முன்வைத்து

நிலக்காட்சிப் புகைப்படம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது காலண்டர்தான். மலை, அருவி, மூடுபனி, தேயிலைச் சரிவு. ஆள் இல்லாமல் இருந்தால்தான் அழகு. யாராவது குறுக்கே வந்துவிட்டால் 'கொஞ்சம் தள்ளிக்கோங்க' என்று சொல்லிவிட்டுத்தான் படம் எடுக்கிறார்கள். இந்தத் 'தள்ளிக்கோங்க'வுக்குள் இருக்கும் அரசியலை நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை. தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் புகைப்படக்காரர் சாந்து மொஃபோகெங் (1956–2020) தன் படங்களில் அதைப் பேசியிருக்கிறார். நிலத்தை இழந்த ஒரு சனம் அந்த நிலத்திலேயே எப்படிக் கும்பிடுகிறது, செத்துப்போனவர்களை எப்படி நினைத்துக்கொள்கிறது என்பதுதான் அவருடைய படங்களின் பொருள். தலித் வாசகர்கள் அவரைத் தெரிந்துகொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.

முதலில் அவருக்கு முன்னால் இருந்த நிலக்காட்சியைப் பார்ப்போம். வெள்ளை ஆப்பிரிக்கானர்கள் கொண்டாடும் ஓவியர் ஜே. எச். பியர்னீஃப் (1886–1957). ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்துக்காக இவர் 28 நிலக்காட்சிகளை வரைந்து 1932இல் முடித்துக் கொடுத்தார். தேவாலயத்துக் கூரை மாதிரி உயர்ந்த வானம், கோபுரம் கோபுரமாக மேகம், கீழே பரந்த வெட்டவெளி. அநேகமாக ஒரு மனிதரும் இல்லை. இதுவும் பக்திதான். இந்த நிலம் கர்த்தர் எங்களுக்கென்று வைத்திருந்தது, நாங்கள் வரும்வரை காலியாகத்தான் கிடந்தது என்று சொல்கிற பக்தி.

ஆனால் நிலம் காலியாகக் கிடக்கவில்லை. காலி செய்யப்பட்டது. 1913ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் நிலச் சட்டம், நாட்டின் பெரும்பான்மை மக்களான கறுப்பர்களுக்கு ஏறத்தாழ 7 சதவீத நிலத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற இடத்தில் அவர்கள் நிலம் வாங்கக் கூடாது என்றது. 1936இல் அது சுமார் 13 சதவீதம் ஆனது, அவ்வளவுதான். வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த குடும்பங்கள் ஆடுமாடுகளோடு தெருவுக்கு வந்தன. அந்தக் குடும்பங்களை நேரில் போய்ப் பார்த்து எழுதிய கறுப்பினப் பத்திரிகையாளர் சோல் பிளாட்ஜே, 1916இல் வெளியிட்ட நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பத்தின் குழந்தை வழியிலேயே இறந்துபோகிறது. புதைக்க ஒரு சாண் நிலம் அவர்களுக்குச் சொந்தமாக இல்லை. யாருடைய நிலத்திலோ, இரவோடு இரவாக, திருட்டுத்தனமாகப் புதைத்துவிட்டு நடக்கிறார்கள். பியர்னீஃபின் வெட்டவெளிக்கு அடியில் இந்த மாதிரிக் குழந்தைகள் கிடக்கிறார்கள். படத்தில் தெரியாது.

மொஃபோகெங் ஸொவெட்டோவில் பிறந்தவர். 1985இல் ஆஃப்ராபிக்ஸ் என்ற புகைப்படக்காரர்களின் கூட்டமைப்பில் சேர்ந்தார். நிறவெறிக்கு எதிரான போராட்டத்தைப் படமெடுத்த குழு அது. துப்பாக்கி, கண்ணீர்ப்புகை, சவ ஊர்வலம் ஆகியவற்றையே வெளிநாட்டுப் பத்திரிகைகள் கேட்டன. மொஃபோகெங்குக்கு அது ஒப்பவில்லை. 1986இல் அவர் எடுத்த 'ரயில் தேவாலயம்' வரிசையில் போலீசும் இல்லை, கல்வீச்சும் இல்லை. விடிகாலையில் ஸொவெட்டோவிலிருந்து வேலைக்குப் போகும் ஜனங்கள், நெரிசல் பிடித்த பெட்டியின் சுவரைத் தட்டித் தாளம்போட்டு ஜெபிக்கிறார்கள். வீட்டிலும் நேரமில்லை, வேலையிடத்திலும் உரிமையில்லை என்னும்போது போக்குவரத்து நேரத்தையே கோயிலாக்கிக்கொண்டவர்கள். கர்த்தர் தந்த காலிநிலம் என்று எந்த நகரத்து ரயில் நிலையம் ஒரு காலத்தில் படம் காட்டியதோ, அதே நகரத்துக்குத்தான் இந்த ரயில்களும் போய்க்கொண்டிருந்தன.

1990இல் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தபோது, பார்வையாளர் குறிப்பேட்டில் யாரோ ஒருவர், கறுப்பர்களை வைத்துக் காசு பண்ணுகிறார் என்று எழுதிவிட்டுப் போனார். மொஃபோகெங் இதைச் சும்மா விடவில்லை. யாரைப் படம் எடுக்கிறேன், அதை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் கறுப்புக் குடும்பங்களின் வீடுகளில் கிடந்த பழைய படங்களைத் தேடிச் சேகரித்தார். 1890 முதல் 1950 வரை ஸ்டுடியோக்களில் எடுக்கப்பட்ட படங்கள். கோட்டும் தொப்பியும் போட்ட ஆண்கள், வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாத பெண்கள். சில படங்களில் பின்னால் திரைச்சீலையில் வரைந்த தோட்டமும் மரமும். மண்ணில் நிலம் பறிபோன காலத்தில் துணியில் வரைந்த நிலத்தின் முன்னால் நிற்கிறார்கள். இவர்கள் யார், என்ன கனவு கண்டார்கள் என்று அவர் கேட்டு எழுதிய வரிகளும் அந்தத் தொகுப்பில் உண்டு. நம்ம வீட்டுத் தாத்தா பாட்டிகளும் ஸ்டுடியோவில் ஏரி வரைந்த சீலைக்கு முன்னால் விறைப்பாக நின்றவர்கள்தானே.

இந்தப் பின்னணியோடுதான் 1996இல் அவர் தொடங்கிய 'நிழல்களைத் துரத்தி' வரிசைக்கு வர வேண்டும். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில், லெசோதோ எல்லைக்குப் பக்கத்தில், கிளாரன்ஸ் என்ற ஊருக்கு அருகே மொடௌலெங் என்ற பெரிய மலைக்குகை இருக்கிறது. தனியார் பண்ணை நிலங்களுக்கு நடுவே. கிறிஸ்தவர்களும் வருகிறார்கள், முன்னோரைக் கும்பிடுகிறவர்களும் வருகிறார்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்கிறவர்களும் வருகிறார்கள். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய சிறு தடுப்புகள், மெழுகுவர்த்தி, புகை, வெள்ளை அங்கி. கறுப்பு வெள்ளையில், புகையும் மங்கலுமாக எடுத்திருக்கிறார். பல படங்களில் முகம் தெளிவாகப் பிடிபடாது. பாறை எது, ஆள் எது என்று கொஞ்ச நேரம் தேட வேண்டும்.

இந்த மங்கலுக்கு ஒரு சொல் இருக்கிறது. ஸோத்தோ மொழியில் செரிட்டி. நிழல் என்று பெயர்த்தால் பாதிதான் வரும். ஒரு ஆளின் பிரசன்னம், மதிப்பு, அவரைக் காக்கும் சக்தி, செத்தபின்னும் கூட இருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். நாம் 'அவர் நிழல்ல நின்னோம்' என்கிறோமே, கிட்டத்தட்ட அது. மொஃபோகெங் துரத்துவது இதைத்தான். பறிக்க முடிந்தவை எல்லாம் பறிக்கப்பட்ட பிறகு எஞ்சியிருப்பது நிழல். அதற்குப் பட்டா போட முடியாது, ஏலம் விட முடியாது. ஆனால் அது விழுவதற்கு ஒரு தரை வேண்டும். அந்தத் தரை வேறொருவன் பெயரில் இருக்கிறது. இந்தச் சிக்கல்தான் படங்களின் உயிர்.

வரிசையின் மையத்தில் 2004ஆம் ஆண்டுப் படம் ஒன்று இருக்கிறது. குகைக்குள் மொஃபோகெங்கின் உடன்பிறந்தவர் இஷ்மாயில். எய்ட்ஸ் நோயாளி. குணமாக வேண்டி அங்கே வந்தவர். பிழைக்கவில்லை. அகலத் திறந்து மூடிய கண்கள் என்ற பொருளில் படத்துக்குத் தலைப்பு. நிலக்காட்சி வரிசைக்குள் ஏன் ஒரு முகம்? ஏனென்றால் அந்தக் குடும்பத்துக்கு அந்த நிலத்தின் பொருள் இப்போது அந்த முகம்தான்.

இங்கே நம் பகுத்தறிவுத் தோழர்கள் குறுக்கிடுவார்கள். எய்ட்ஸுக்கு மருந்து தேட வேண்டியவனைக் குகைக்கு அனுப்பியது மூடநம்பிக்கைதானே, அதைப் போய் அழகாக்கலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேள்வியை முழுசாகக் கேட்போம். அந்த வருஷங்களில் தென்னாப்பிரிக்காவில் மருந்தை மறுத்தது குகைச் சாமியார் இல்லை, அரசாங்கம். எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதையே ஜனாதிபதி தாபோ எம்பெக்கி சந்தேகித்தார். கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடு என்று 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2000க்கும் 2005க்கும் இடையில், தடுத்திருக்கக்கூடிய 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். ஆஸ்பத்திரியின் கதவு சாத்தியிருக்கும்போது திறந்திருந்த இடம் குகை. அங்கே போனவனை மட்டும் அறிவிலி என்பது வசதியான பகுத்தறிவு.

மொஃபோகெங்கும் விசுவாசியாக நின்று எடுக்கவில்லை. அந்த உலகத்துக்குள் முழுசாகப் போக அவருக்குத் தயக்கம், ஆனால் அது தன் உலகமும்தான் என்று அறிந்தவர். தயக்கம் படத்தில் தெரிகிறது. கும்பிடுகிறவர்களின் முகத்துக்குள் கேமராவை நுழைக்காமல் எட்டி நிற்கிறார். நம்பிக்கையைக் கேலி செய்யவும் இல்லை, விற்கவும் இல்லை.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இந்தப் படங்கள் பாரீஸ் (2011), வெனிஸ் (2013) என்று பெரிய கண்காட்சிகளுக்குப் போன கலைஞருடையவை. வெள்ளைச் சுவரில் தனியாக மாட்டினால் குகைப்புகை வெறும் மர்மமாகிவிடும். 'ஆப்பிரிக்க ஆன்மீகம்' என்று ரசித்துவிட்டுப் போகலாம். 1913ஆம் வருஷச் சட்டம் அந்தப் புகைக்குள் தானாகத் தெரியாது. ரயில் படங்களையும் பழைய குடும்பப் படங்களையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். படத்தின் மௌனம் அதன் பலம் என்கிறார்கள் விமர்சகர்கள். பாதி உண்மை. நிலத்தை இழந்தவர்களின் மௌனத்தை, நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் தங்களுக்குச் சாதகமாக வாசித்துக்கொள்வார்கள்.

நம் பக்கம் வருவோம். திணைக் கோட்பாட்டில் நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று கருப்பொருள் நீள்கிறது. ஆளும் சாமியும் இல்லாத நிலத்தைத் தமிழ் இலக்கணம் எண்ணிப் பார்க்கவே இல்லை. காலண்டர் அழகியலைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று: நிலம் யாருடையது? பறை இருக்கிறது, பறையடிப்பவனுக்கு நிலம் இருக்கிறதா என்ற கேள்வி இல்லை. நம் புகைப்படக்காரர்களும் இதே பாதையில்தான் போகிறார்கள். அந்தி வெயிலில் அய்யனார் குதிரை, பின்னால் பனைமரம். குதிரைக்கு முன்னால் எந்தத் தெருக்காரர் பொங்கல் வைக்கலாம், எந்தத் தெருக்காரர் எட்டி நிற்க வேண்டும் என்பது சட்டகத்துக்கு வெளியே.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே பாலாற்றுப் பாலத்திலிருந்து ஒரு தலித்தின் சடலத்தைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி மற்றவர் நிலத்தில் அடைபட்டுக் கிடந்தது. அந்தக் காட்சி வீடியோவாக ஊரெல்லாம் பரவியது. பாலம், ஆற்றுப்படுகை, பச்சை, வானம் எல்லாம் அதில் இருந்தன. தமிழகத்தின் நிலக்காட்சி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். தென்னாப்பிரிக்காவில் 1997இல் வந்த குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம், பிறர் நிலத்தில் இருக்கும் தன் குடும்பக் கல்லறைகளைப் போய்ப் பார்க்கவும் பராமரிக்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்கிறது. ஏட்டில் இருப்பதெல்லாம் நடப்பில் வந்துவிடாது. இருந்தாலும், முன்னோரை நினைப்பது நிலவுரிமையோடு சேர்ந்த விஷயம் என்று ஒரு சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது.

நம்மில் கேமரா வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. உங்கள் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையை எடுங்கள். சேரிக் கோயில் கல்லை, அது நிற்கும் புறம்போக்கை, பஞ்சமி நிலத்தில் எழும்பிய மதில்சுவரை எடுங்கள். அங்கே யார் யார் புதைந்திருக்கிறார்கள் என்று கிழவிகளிடம் கேட்டுப் பேர் எழுதுங்கள். படத்துக்குக் கீழே சர்வே எண்ணையும் போடுங்கள்.