கைமாறிய பிரசவம்

தமிழ்நாட்டில் சிசேரியன் கூடிவிட்டது என்று யார் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: நூற்றுக்கு 99 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, தாய் சாவு குறைந்துவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும்? இந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

சாதனை உண்மைதான். 2018-20 கணக்கின்படி லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார்தான் இறந்தார்கள். கண்ட பிளேடால் தொப்புள்கொடியை அறுத்து, பச்சைக் குழந்தைகள் இசிவு கண்டு செத்த காலம் திரும்பக் கூடாது. யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் 2018இல் திருப்பூரில் ஒரு தாய் உயிரிழந்தார். விழுப்புரம் மாவட்டத்து விக்கிரவாண்டிக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருப்பது பெரிய பலம்.

ஆனால் முன்பு வீட்டில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி இருந்த இடத்தில் யாரை வைத்தோம்? முதலில் துணை சுகாதார நிலையத்து நர்சம்மா வந்தார். படித்தவர், ஊர் தெரிந்தவர், ராத்திரி ஆள் வந்து கூப்பிட்டாலும் பையோடு கிளம்பியவர். பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்சுகளை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதோடு அந்த நர்சம்மாவுக்கு, அதாவது கிராம சுகாதார செவிலியருக்கு, பிரசவம் பார்க்கிற கைப்பழக்கமே போய்விட்டது. இன்று அவருக்குக் கர்ப்பிணிகளைப் பதிவதும், தடுப்பூசியும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கான எழுத்து வேலையுமே சரியாக இருக்கிறது. மாதக்கணக்கில் தான் பார்த்துவந்த பெண்ணுக்கு வலி எடுக்கிற அன்று அவர் பக்கத்தில் இல்லை.

இடுப்பை நீவிவிட்டு, எழுந்து நடக்கச் சொல்லி, விடியும்வரை பொறுத்திருப்பதுதான் பிரசவம் பார்ப்பதில் பாதி. ஷிஃப்டில் நிற்கிறவருக்கு அந்தப் பொறுமைக்கு நேரம் ஏது? மல்லாக்கப் படுக்கவைத்து, டிரிப்ஸில் வலி வர மருந்து ஏற்றுகிறார்கள். கொஞ்சம் இழுத்துக்கொண்டால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே இருக்கிற கூட்டத்தில் ஒருத்தியோடு காத்திருக்க யாருமில்லை. கத்திதான் சீக்கிரம் முடிக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் 63.8, அரசில் 36. நாட்டின் சராசரி 21.5தான். இத்தனை பெண்களுக்கும் கத்தி வேண்டியிருந்தது என்று எந்த டாக்டராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்வாரா?

பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று 2004இலேயே அனுமதித்தோமே என்பார்கள். துணைக்கு வருகிற அம்மா, மகளின் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தைரியம் சொல்லலாம். தலை இறங்கிவிட்டதா, இன்னும் பொறுக்கலாமா என்று அவரால் சொல்ல முடியாது.

அதைச் சொல்லத் தெரிந்தவர்களாக, பிரசவத்துக்கென்றே 18 மாதம் பயிற்சி பெற்ற செவிலியர்களை உருவாக்க மத்திய அரசு 2018இல் வழிகாட்டுதல் தந்தது. முண்டியம்பாக்கத்தில் அப்படிப்பட்டவர்களைப் பழக்கி, சிக்கலில்லாத பிரசவங்களை முழுக்க அவர்களிடமே விட வேண்டும். டாக்டர் அடுத்த அறையில் இருக்கட்டும், கூப்பிட்டால் வரட்டும்.