மெட்டுக்குள் தமிழ்: தஞ்சை ராமையாதாஸின் இருமொழிப் படப் பாடல்கள்

திரைப்பாடல் ஆய்வுகள் பெரும்பாலும் கருத்தை அளவுகோலாகக் கொண்டே பாடலாசிரியரை மதிப்பிட்டு வந்துள்ளன. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பொதுவுடைமையும் கண்ணதாசனின் தத்துவமும் ஆய்வேடுகளுக்கு எளிதில் தலைப்பாகின்றன. தஞ்சை ராமையாதாஸ் (1914–1965) அவ்வாறு தலைப்பாவது அரிது. மலைக்கள்ளன் (1954) படத்திற்கு அவர் எழுதிய சமூகக் கண்டனப் பாடல்கூட எம்.ஜி.ஆர். பாடலாகவே நினைவில் நிற்கிறது. மெட்டுக்கு எழுதியவர் என்பதே அவர்மீது சொல்லப்படும் குறை. அவரது திறன் வெளிப்படும் இடமும் அதுவே.

விஜயா நிறுவனத்தின் பாதாள பைரவி (1951), மிஸ்ஸியம்மா (1955), மாயா பஜார் (1957) ஆகியவை தெலுங்கிலும் தமிழிலும் உருவானவை. தெலுங்குப் பாடல்களை எழுதியவர் பிங்களி நாகேந்திரராவ். அதே மெட்டில் தமிழ் அமைய வேண்டும். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரீற்றன. இசையடியின் இறுதியில் நீட்டிப் பாட இடந்தருவன. தமிழிலோ மெய்யீற்றுச் சொற்கள் மிகுதி. மெல்லினமும் இடையினமும் ஓரளவு நீண்டொலிக்கும் எனினும் உயிரின் திறப்பு அவற்றுக்கு இல்லை.

ராமையாதாஸ் இதற்குத் தமிழ் இலக்கணத்திற்குள்ளேயே வழி கண்டார். மிஸ்ஸியம்மாவில் பிருந்தாவனத்தைப் பாடும் பாடலின் முதலடி ‘அன்றோ’ என்னும் வினாவில் முடிகிறது. ஓகாரம் இசைக்கு நெடிலைத் தருகிறது. கூற்றைக் கேட்போரின் உடன்பாட்டை வேண்டும் வினாவாகவும் ஆக்குகிறது. அதே படத்தின் ‘வாராயோ வெண்ணிலாவே’ பாடலில் விளி அப்பணியைச் செய்கிறது. தெலுங்குப் பாடல் நிலவைச் சந்தமாமா என முறைசொல்லி அழைக்கிறது. தமிழில் ‘அம்புலிமாமா’ இருந்தது; படத் தயாரிப்பாளர்களான நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய சிறுவர் இதழின் பெயரே அது! அச்சொல்லும் உயிரீற்றதுதான். ஆயினும் கணவன் மனைவியாக நடிக்கும் இருவர் ஒருவர்மீதொருவர் முறையிடும் சூழலில் அது குழந்தைப் பாட்டின் தொனியைக் கொண்டுவந்திருக்கும். எனவே இத்தேர்வை ஓசை மட்டும் தீர்மானிக்கவில்லை.

இவ்வுத்தி எங்கும் வெற்றி பெற்றதெனக் கூறுவதற்கில்லை. ஏகாரமும் ஓகாரமும் அடுத்தடுத்து வருமிடங்களில் அவை வெறும் அசைநிலைகளாகச் சுருங்குகின்றன. வரி மெட்டை நிரப்புகிறதேயன்றிப் பொருளை வளர்ப்பதில்லை. எது தேர்வு, எது நிரப்பல் என்பதை அச்சிட்ட பாடல் தொகுப்பை மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது. தெலுங்கு மூலத்தையும் ஒலிப்பதிவையும் அருகில் வைத்து அடியடியாக ஒப்பிட்டாக வேண்டும்.