சிறகை விட்டுப் புழுவைப் பாருங்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீட்டு முற்றங்களில் நந்தியாவட்டைக் கிளையை விலக்கினால், சில நாள் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு அகப்படும். சீண்டினால் தலையை உள்ளிழுக்கும். கழுத்துப்புறத்தில் இரண்டு நீலக் கண்கள் விரியும். அரளி அந்துப்பூச்சியின் புழு அது. கூட்டுப்புழுவாகும் முன்பே அந்தப் பச்சை மங்கிப் பழுப்பேறிவிடும். செத்தால் நிறமே நிற்காது.

கையால் வண்ணம் தீட்டிய பழைய அந்துப்பூச்சிப் படங்களின் அருமை இங்கேதான் தொடங்குகிறது. ஊசி குத்திக் காயவைத்த சிறகு நூறாண்டு கழிந்தும் பெரும்பாலும் நிறம் காக்கும்; அதை லண்டனில் உட்கார்ந்தும் வரையலாம். புழுவை வரைய அது மேயும் செடிக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஓவியர் மரியா சிபில்லா மேரியன் இதை அறிந்தவர். 1699இல் சுரினாமுக்குக் கப்பலேறினார். 1705இல் வெளிவந்த அவரது நூலின் 60 செப்புத்தகட்டுப் படங்களில் புழுவும் கூடும் பூச்சியும் உணவுச் செடியோடு ஒரே தாளில் கூடின. பல வாரத்து வாழ்க்கையை ஒரு பார்வைக்குள் அடக்கும் அந்த அமைப்பே பின்வந்தோருக்கு வழியானது.

நமக்கு அடுத்த சான்று இலங்கை. பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘லெபிடாப்டெரா ஆஃப் சிலோன்’ நூலில் 215 வண்ணப்படங்கள் உண்டு. அவற்றுக்கு மூலம், பேராதனைத் தாவரவியல் பூங்காவில் அதன் இயக்குநர் துவைட்ஸின் மேற்பார்வையில் டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் வரைந்த சித்திரங்கள். தந்தை ஹரமானிஸ் அந்தப் பூங்காவின் ஓவியராக நெடுங்காலம் இருந்தவர். மகன் வில்லியமின் கை இந்த நூலில் முக்கியமானது. புழுவின் மயிரும் வளையக் கோடும் பக்கவாட்டு மூச்சுத்துளையும் இத்தகைய படங்களில் துல்லியமாக விழுவதற்குக் காரணம், பூச்சி வாழும் மண்ணிலேயே ஓவியரும் வாழ்ந்ததுதான்.

அச்சான தாளுக்கு வண்ணமேற்றுவது தனிக் கலை. செப்புத்தகட்டிலோ கல்லச்சிலோ கோடுகள் மட்டும் விழும். மாதிரிப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு தாள் தாளாக நீர்வண்ணம் தீட்டுவார்கள். கூட்டுப்புழுவின் பளபளப்புக்கு மேலே பிசின் பூசுவதுண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால் கைவண்ணம் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: வண்ண அச்சின் புள்ளிக்கூட்டம் இராது, ஈரம் உலர்ந்த ஓரம் சற்றே அடர்ந்திருக்கும், சில இடத்தில் தூரிகை கோட்டைத் தாண்டியிருக்கும். ஒரே படத்தின் இரு பிரதிகள் முழுக்க ஒத்துப்போவதில்லை. வெள்ளைச் சிறகில் கருமை படர்ந்திருந்தால் அழுக்கென்று துடைக்கக் கூடாது. காற்றிலுள்ள கந்தகம் பட்டு ஈயவெள்ளை கறுத்ததாக இருக்கலாம்.

வியாபாரிகள் பழைய நூல்களைப் பிரித்து, படங்களைத் தனித்தனியாகச் சட்டமிட்டு விற்கிறார்கள். சுவருக்கு அழகுதான், ஆனால் எந்தச் செடியில் மேய்ந்தது, எந்த ஊரில் பிடித்தது என்ற குறிப்பு நூலோடு போய்விடுகிறது. முழு நூலாகப் பார்க்க விரும்புவோருக்கு மூரின் தொகுதிகள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பறக்கும் பெரிய அட்லஸ் அந்துப்பூச்சி இனமான அட்டகஸ் டாப்ரோபானிஸின் பெயருக்குப் பின்னால் இன்றும் மூர் என்றே எழுதுகிறார்கள். பெயர் சூட்டியவருக்கு அது உரியதே. வரைந்தவருக்கு அப்படியொரு மரபு இல்லை. உயிரோடு பார்த்தவரால் மட்டுமே தீட்ட முடிகிற புழுவின் நிறம்தான் அவரது கையெழுத்து.