காற்றை யார் அளப்பது?

எங்கள் பக்கத்துக் கராஜ்களில் ‘டைரக்ட் பண்ணுவது’ அன்றாட வேலை. சென்சரோ ரிலேயோ பழுதானால் அதை ஒதுக்கிவிட்டு வயரை நேரே கொடுப்பார்கள். வாகனம் தானாகச் செய்துவந்த வேலை அன்றிலிருந்து ஓட்டுபவரின் பொறுப்பு. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022இன் டொலர் தட்டுப்பாடு. பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனை என்று இந்தக் கரையில் எத்தனையோ வாகனங்கள் அந்த ஆண்டுகளைக் கடந்தது இந்தக் கைவேலையால்தான். அதை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அது எங்கே சரி, எங்கே பிழை என்று பிரித்துப் பார்க்காமலே எல்லாவற்றையும் டைரக்ட் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பிரித்துப் பார்க்க நல்லதோர் உதாரணம், நம் வீதிகளில் அரிதாகவே காணக்கூடிய ஒரு வாகனத்தில் இருக்கிறது: பழைய டூரிங் மோட்டார் சைக்கிள்களின் தானியங்கிக் காற்று சஸ்பென்ஷன்.

ஹொண்டா 1980இல் கோல்ட் விங் ஜிஎல் 1100ஐக் கொண்டுவந்தபோது அதன் சஸ்பென்ஷனில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தது. 1982இன் அஸ்பென்கேட் மாதிரியில் வண்டியிலேயே ஒரு சிறு கொம்பிரசரைப் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டு யமஹா தனது வெஞ்சர் ரோயலில் இன்னொரு படி மேலே போய்க் கணினியை வைத்தது. ஓட்டுபவர் தாழ்வு, நடு, உயர்வு என்று ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். சென்சர் அழுத்தத்தைப் பார்க்கும், கன்ட்ரோலர் கொம்பிரசரை ஓட்டியோ வால்வைத் திறந்தோ காற்றைச் சரிப்படுத்தும், திரையில் எண் தெரியும். மனைவியைப் பின்னால் ஏற்றி, பெட்டிகளில் சாமான் நிரப்பி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போகிறவருக்கு அது பெரிய வசதிதான்.

அந்த வண்டிகளுக்கு இப்போது நாற்பது வயது. கொம்பிரசர் இறுகிப்போகிறது, சொலனொயிட் வால்வு கசிகிறது, திரையில் பிழைக்குறி விழுகிறது. அப்போது பலரும் எடுக்கும் முடிவு, கைமுறைக்கு மாற்றிவிடுவது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழு மாற்றம்: கன்ட்ரோலர், கொம்பிரசர், சொலனொயிட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஷொக்குக்குப் போகும் குழாயின் நுனியில் டயர் டியூபில் இருப்பது போன்ற ஒரு வால்வைப் பொருத்திப் பம்பால் காற்றடிப்பது. மற்றது பாதி மாற்றம்: கொம்பிரசரை வைத்துக்கொண்டு கன்ட்ரோலரை மட்டும் விலக்கி, காற்றைக் கூட்ட ஒரு பட்டன், குறைக்க ஒரு பட்டன் என்று கொடுப்பது.

முழு மாற்றத்துக்குச் சாதகமான நியாயங்கள் வலுவானவை. யமஹாவே அதே காலத்தில் ‘ரோயல்’ அல்லாத சாதாரண வெஞ்சரைக் கையால் காற்றடிக்கும் முறையோடுதான் விற்றது. ஹார்லி டேவிட்சனின் டூரிங் வண்டிகள் நீண்ட காலம் கைப்பம்பு வால்வோடுதான் ஓடின. ஆகவே தானியங்கியைக் கழற்றுவதால் வண்டி ஊனமாகிவிடும் என்ற பேச்சு எடுபடாது. அதைவிட முக்கியமான இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. சீல் மெல்லக் கசியும்போது தானியங்கி அமைப்பு ஓட்டுபவருக்குத் தெரியாமலே காற்றை நிரப்பிக்கொண்டிருக்கும். கசிவு வெளியே வருவது கொம்பிரசர் கருகிய பிறகுதான். கைமுறையில் நேற்று அடித்த காற்று இன்று குறைந்திருந்தால் இன்றே தெரிந்துவிடும்.

எங்கள் கரைக்கு மட்டுமே உரிய ஒரு நியாயமும் உண்டு. பாண்டிருப்பில் வீதிக்கும் கடலுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. இங்கே ஒரு ரிலேயின் மூடியைத் திறந்தால் செப்பு முனைகளில் பச்சைப் பூச்சு பிடித்திருக்கும், பிளக்கை இழுத்தால் பின் தனியாக உடைந்து கையோடு வரும். கொம்பிரசர் இழுப்பதும் இந்த ஈர உப்புக் காற்றைத்தான். அந்த ஈரத்தை உறிஞ்சத்தான் உற்பத்தியாளர்கள் குழாய்வழியில் சிலிக்கா மணிகள் போட்ட உலர்த்தியை வைத்தார்கள். மணிகள் ஊறிப்போனால் தண்ணீர் வால்வுவரை போகும், உள்ளே துருப்பிடிக்கும். உலகின் வறண்ட பகுதிகளுக்குப் பொருந்தும் புத்திமதியை அப்படியே கல்முனைக் கரைக்குச் சொல்ல முடியாது. இங்கே மின்இணைப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

குறைகளுக்கு வருவோம். ஷொக்குக்குள் இருக்கும் காற்றின் அளவு மிகக் குறைவு. பெற்றோல் ஷெட்டில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயை அதில் மாட்டினால் அழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறி, சீல் பிதுங்கிவிடும். கேஜை வைத்து எடுக்கும்போது ‘புஸ்’ என்று போகும் காற்றே, டயரில் ஒன்றுமில்லை, இங்கே பெரிய இழப்பு. பார்த்த அளவு ஒன்று, உள்ளே மீதமிருக்கும் அளவு வேறொன்று. அடுத்தது சூடு. காலையில் 25 பாகை செல்சியஸில் 30 பிஎஸ்ஐ அடித்தீர்கள் என்று வைப்போம். ஓடி ஓடி உள்ளிருக்கும் காற்று 60 பாகைக்கு வந்தால், கன அளவு மாறாத நிலையில் அழுத்தம் ஏறக்குறைய 35 பிஎஸ்ஐ ஆகிவிடும். தானியங்கி தன் அளவைப் பார்த்து அதை விடுவித்துவிடும். கைமுறையில் அதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

சுமை மாறும்போதுதான் இந்தக் குறை உயிரோடு விளையாடுகிறது. தனியாகப் போக அளவாக அடித்த காற்றோடு ஒருவரைப் பின்னால் ஏற்றிச் சாமானையும் கட்டினால் பின்பக்கம் தாழும், முன்விளக்கு மேலே தூக்கும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக வரும் ஏ4 வீதி சியம்பலாண்டுவைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் லகுகலைக் காட்டைக் கடக்கிறது. இரவில் யானை குறுக்கே நிற்கக்கூடிய வீதி அது. வெளிச்சம் வீதியில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும் வண்டியோடு அங்கே போவதை நினைத்தாலே பயமாயிருக்கிறது. நிறுத்தி, இறங்கி, பம்பை எடுத்துப் பத்துத் தடவை அழுத்தினால் சரியாகும் விடயம்தான். அந்தப் பத்து அழுத்தல்களை மறப்பவர்கள்தான் அதிகம்.

கூலிங் ஃபேன் விடயத்திலும் இதே கதைதான். தெர்மோ சுவிட்ச் பழுதான வேனுக்கு ஃபேனை டைரக்ட் பண்ணுவது இங்கே சாதாரணம். மருதமுனைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் ஓர் இளைஞர், “காக்கா, ஃபேன டைரக்ட் பண்ணித் தாங்க, விடிய கொழும்புக்குப் போகணும்” என்று கேட்டுக்கொண்டு நின்றார். மெக்கானிக் வேலையை நிறுத்தாமலே சொன்னார்: “பண்ணலாம் மனே. ஆனா சூட்டு முள்ளு வேலை செய்தாத்தான் பண்ணுவன். முள்ளும் இல்ல, சுவிட்சும் இல்லண்டா எதப் பார்த்து ஓட்டப் போறா?”

அந்த மெக்கானிக் கேட்ட கேள்விதான் இந்த வழக்கத்தை எடைபோடும் சரியான தராசு. தானியங்கி அமைப்பு எதுவும் இரண்டு வேலை செய்கிறது: அளக்கிறது, பிறகு இயங்குகிறது. இயங்கும் வேலையை மனிதக் கை ஏற்கலாம். காற்றடிக்க, சுவிட்ச் போட, வால்வைத் திறக்க யாருக்கும் முடியும். அளக்கும் வேலையைக் கை ஏற்க முடியாது. சீற்றை அமுக்கிப் பார்த்து “காணும்” என்று சொல்லும் பழக்கமுள்ள நாம், கன்ட்ரோலரைக் கழற்றும்போது அளவையும் சேர்த்தே கழற்றிவிடுகிறோம். பிழை அங்கேதான். கேஜ் இல்லாத முழு மாற்றத்தை நான் திருத்தம் என்றே சொல்லமாட்டேன்.

பாதி மாற்றம் பார்க்கக் கவர்ச்சியானது, ஓடிக்கொண்டே பட்டனைத் தட்டலாம். என்னைக் கேட்டால் அதுவே மோசமான தெரிவு. உப்பில் கெடும் கொம்பிரசர், ரிலே, வயர் அத்தனையும் அப்படியே இருக்க, அவற்றைக் காவல் காத்த மூளை மட்டும் போய்விடுகிறது. நீண்டநேரம் ஓடுவதற்காகச் செய்யப்படாத அந்தச் சிறு மோட்டார், விரலை எடுக்க மறந்தால் கருகிவிடும். தானியங்கியின் பலவீனமும் கைமுறையின் பலவீனமும் ஒரே வண்டியில் சேர்ந்துவிடுகின்றன. ஹொண்டாவே 2001இன் ஜிஎல் 1800இல் கொம்பிரசரையும் காற்றையும் விட்டுவிட்டு, ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மின்மோட்டாரால் மாற்றும் முறைக்குப் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெஞ்சரின் கன்ட்ரோலரில் பிழைக்குறி விழுந்தால், பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் சர்க்கிட் பலகையில் பிளக்கின் கால்கள் ஈயம்விட்டு வெடித்திருப்பதுதான். வானொலி திருத்தும் ஒருவர் சூட்டுக்கோலால் கொஞ்ச நேரத்தில் பற்றவைத்துவிடுவார். அந்த மயிரிழை வெடிப்புக்காக முழு அமைப்பையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாகங்களைக் கம்பனி இனிச் செய்து தரப்போவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. முதலில் பலகையைத் திறந்து பாருங்கள், ஈயம் வைத்துச் சரியாகுமென்றால் தானியங்கியை வைத்துக்கொள்ளுங்கள். கொம்பிரசரும் வால்வும் உண்மையாகவே முடிந்துவிட்டன என்றால், இந்தக் கரையில் முழுக் கைமுறையே மேல். வால்வோடு நிரந்தரமாக ஒரு கேஜைப் பொருத்துங்கள், டயருக்கான பம்பு வேண்டாம், ஷொக்குக்கென்றே உள்ள சிறு பம்பை வாங்குங்கள். தனியாகப் போக எவ்வளவு, ஆளேற்றினால் எவ்வளவு என்று எழுதிச் சீற்றின் அடியில் ஒட்டிவையுங்கள். திருத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.