உள்ளிருந்து எழுதுதல்: பாடசாலையின் அன்றாட வாழ்வும் மாணவப் பத்திரிகையும்

பாடசாலை வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு எழுதுவது எளிது என்ற எண்ணம் பரவலாக உண்டு. மணி அடிப்பதும், பாடவேளை மாறுவதும், இடைவேளையில் நண்பர் கூடுவதும், பரீட்சைக்கு அஞ்சுவதும் யாவரும் அறிந்தவை. அறிந்ததை எழுத ஆற்றல் எதற்கு என்று கேட்கப்படுகின்றது. ஆயின், யாவரும் அறிந்த இவ்வாழ்க்கையே எழுத்தில் மிக அரிதாக இடம்பெறுகின்றது. நமது பாடசாலைகளின் ஆண்டு மலர்களைப் புரட்டுவோர் இதனை உடனே உணர்வர். அதிபர் அறிக்கை, ஆசிச் செய்திகள், பரிசு பெற்றோர் பட்டியல், இல்ல விளையாட்டுப் போட்டி விபரம், ஒழுக்கத்தின் சிறப்பை எடுத்துரைக்கும் கட்டுரை ஆகியன அவற்றில் தவறாது உண்டு. சாதாரணமானதொரு செவ்வாய்க்கிழமை அப்பாடசாலையில் மாணவர் எதைப் பற்றிப் பேசினர், எதற்கு அஞ்சினர் என்பதற்கு அங்கு பெரும்பாலும் இடமில்லை.

இந்த வெறுமைக்கு மாணவரின் திறமைக் குறைவுதான் காரணமா, அல்லது வேறு காரணங்களும் உண்டா? இவ்வினாவுக்கு விடைகாண, அமெரிக்க உயர்பாடசாலை வாழ்வைப் பதிவுசெய்ய மேற்கொள்ளப்பட்ட மூன்று முயற்சிகளை ஒப்புநோக்குவது பயன்தரும். அங்கு பல உயர்பாடசாலைகளில் பத்திரிகைத்துறை ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆதலின் இப்பிரச்சினை அங்கு நீதிமன்றம் வரை சென்று வெளிப்படையாக விவாதிக்கப்பட்டுள்ளது. மூன்று முயற்சிகளுள் ஒன்று திரைப்படம்; மற்றொன்று நூல்; மூன்றாவது ஒரு மாணவர் பத்திரிகையின் இரண்டு பக்கங்கள். முதலிரண்டும் புகழ் பெற்றன. மூன்றாவது அப்பத்திரிகையில் அச்சேறவே இல்லை.

பிரெடெரிக் வைஸ்மன் பிலடெல்பியா நகரின் நோத்ஈஸ்ற் உயர்பாடசாலையிற் படமாக்கி 1968இல் வெளியிட்ட 'ஹை ஸ்கூல்' என்னும் விவரணப் படம் இத்துறையில் ஒரு மைல்கல். அதில் வர்ணனைக் குரல் இல்லை, நேர்காணலும் இல்லை. வகுப்பறை, நடைபாதை, ஒழுக்கப் பொறுப்பாளரின் அறை, பெற்றோர் சந்திப்பு எனக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. தனக்கு விதிக்கப்பட்ட தண்டனை நியாயமற்றது என்று கருதும் மாணவன் ஒருவனிடம், கட்டளைக்குப் பணிவதே ஆண்மை என்ற தோரணையில் அறிவுரை கூறப்படுகின்றது. இறுதிக் காட்சியில், வியட்நாம் போர்க்களத்திற்குச் செல்லவிருக்கும் பழைய மாணவன் ஒருவனின் கடிதத்தை நிருவாகி ஒருவர் வாசிக்கின்றார். தான் பணியொன்றைச் செய்யும் வெறும் உடல் மாத்திரமே என்று அவன் எழுதியிருக்கின்றான். அதனைப் பாடசாலையின் வெற்றிக்குச் சான்றாக அவர் எடுத்துக்கொள்கின்றார். வெளியிலிருந்து எந்தக் கண்டனமும் கூறப்படாமலே ஒரு கல்வி முறையின் உள்ளியல்பு இங்கே அம்பலமாகிவிடுகின்றது.

எனினும் இப்படத்திற்கு ஓர் எல்லையுண்டு. தண்டனையை ஏற்றுக்கொண்டு அறையை விட்டு வெளியேறிய அம்மாணவன் தன் நண்பரிடம் என்ன கூறினான்? படக்கருவிக்கு அது தெரியாது. நிறுவனம் மாணவரை நோக்கிப் பேசுவதை அது துல்லியமாகக் கேட்கின்றது. மாணவர் தமக்குள் பேசுவதை அது அதிகம் கேட்கவில்லை. ஆகவே படத்தின் மையப் பாத்திரம் நிறுவனமே எனலாம்.

கமறன் குறோவின் முயற்சி இவ்விடைவெளியை நிரப்புவது போலத் தோன்றும். இளவயதிலேயே 'றோலிங் ஸ்ரோன்' இதழில் எழுதிப் பெயர் பெற்ற அவர், 1979இல், தமது 22ஆவது வயதில், சான் டியாகோவிலுள்ள கிளெயர்மொன்ற் உயர்பாடசாலையில் அதிபரின் இணக்கத்துடன் மாணவராக வேடமிட்டு அமர்ந்தார். அவ்வனுபவத்திலிருந்து பிறந்த 'பாஸ்ற் ரைம்ஸ் அற் ரிட்ஜ்மொன்ற் ஹை' என்னும் நூல் 1981இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே திரைப்படமுமாயிற்று. பாடசாலை முடிந்ததும் துரித உணவுக் கடைகளில் வேலைக்கு ஓடும் இளைஞரின் வாழ்வும், அவ்வேலைகளிடையே அவர்கள் காணும் ஏற்றத்தாழ்வும், காதல் என்று அவர்கள் எண்ணுவதன் தடுமாற்றங்களும் அதிற் பதிவாகியுள்ளன. நண்பன் நண்பனுக்குக் கூறுவதை குறோ கேட்டிருக்கிறார். ஆனால், கூறியவர்கள் தாம் ஓர் எழுத்தாளரிடம் கூறுகிறோம் என்பதை அறிந்திருக்கவில்லை. பெயர்கள் மாற்றப்பட்டன என்பது உண்மையே. நம்பிக்கை முகமூடியின் வழியாகப் பெறப்பட்டது என்பதும் உண்மையே. நூலின் உள்ளடக்கம் மெய். அம்மெய்யைப் பெற்றுத் தந்த உறவு பொய். இந்த முரண்பாடு நூலின் சுவையைக் குறைப்பதில்லை. அதன் அறத்தை ஐயத்திற்குரியதாக்குகின்றது.

இவ்விருவருக்கும் பொதுவான அம்சம் ஒன்றுண்டு. இருவரும் பணி முடிந்ததும் பாடசாலையை விட்டுச் சென்றுவிட்டனர். தாம் எழுதியவர்களின் முகத்தை மறுநாட் காலை நடைபாதையிலே சந்திக்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை. மாணவப் பத்திரிகையாளருக்கோ அக்கட்டாயமே அடிப்படை நிலைமை. அவர் எழுத்தின் பலவீனமும் பலமும் அதிலிருந்தே பிறக்கின்றன.

மூன்றாவது முயற்சி இதனை விளக்கும். மிசூரி மாநிலத்தில் ஹேசல்வூட் ஈஸ்ற் உயர்பாடசாலையின் பத்திரிகைத்துறை வகுப்பு மாணவர் 'ஸ்பெக்ரம்' என்னும் பத்திரிகையை நடத்தி வந்தனர். 1982-83 கல்வியாண்டில் அதன் 4,500க்கும் மேற்பட்ட பிரதிகள் விநியோகமாயின. அச்சுச் செலவு ஏறத்தாழ 4,668 டொலர். விற்பனையாற் கிடைத்தது ஏறத்தாழ 1,166 டொலர். எஞ்சியதைக் கல்விச் சபையே ஏற்றது. 1983 மே 13ஆம் திகதி இதழுக்கென மாணவர் எழுதியவற்றுள் இரண்டு கட்டுரைகள் அதிபரின் கண்ணில் உறுத்தின. ஒன்று அப்பாடசாலையிற் கருவுற்ற மாணவியர் மூவரின் அனுபவங்களை, பெயர்களை மாற்றி, எடுத்துரைத்தது. மற்றொன்று பெற்றோரின் மணமுறிவு பிள்ளைகளை எவ்வாறு தாக்குகின்றது என்பதைப் பற்றியது. அதில் ஒரு மாணவி, தந்தை குடும்பத்துடன் போதிய நேரத்தைக் கழிக்கவில்லை, நண்பர்களுடன் சீட்டாடி இரவு பிந்தியே வீடு வருவார் என்று குறைகூறியிருந்தாள். பொறுப்பாசிரியராக இருந்தவர் ஏப்பிரல் இறுதியில் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார். புதிதாகப் பொறுப்பேற்றவர் அச்சுப்படிகளை அதிபரிடம் சமர்ப்பித்தார். கல்வியாண்டு முடிவதற்குள் திருத்த அவகாசமில்லை என்று கருதிய அதிபர், அக்கட்டுரைகள் இருந்த இரு பக்கங்களையும் முழுமையாக நீக்கினார். ஆட்சேபத்திற்கு இடமளிக்காத பிற கட்டுரைகளும் அவற்றோடு சேர்ந்து மறைந்தன.

சீட்டாடிவிட்டுப் பிந்தி வரும் தந்தை என்ற அச்சிறு விபரத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மணமுறிவு பற்றிய சமூகவியல் ஆய்வு எதுவும் இவ்விபரத்தை இவ்வாறு தந்துவிடாது. வைஸ்மனின் படக்கருவி அம்மாணவியின் வீட்டுக்குச் சென்றதில்லை. குறோவிடம் அவள் இதனைச் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அவர் யாரென்பதை அறியாமலே சொல்லியிருப்பாள். இங்கோ, கேட்பவள் ஒரு மாணவி, எழுதப்போகிறாள் என்பதும் தெரியும், தெரிந்துகொண்டே சொல்லப்பட்டது. உள்ளிருந்து எழுதுதல் என்று நாம் கூறுவது இதனையே. கைத்திறன் குறைவாயினும், இந்த உறவின் நேர்மை அவ்வெழுத்துக்கு ஒரு தனித் தகுதியைத் தருகின்றது.

ஆனால் அதிபரின் ஆட்சேபங்களை அடக்குமுறை என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுதல் நேர்மையான திறனாய்வு ஆகாது. பெயரை மாற்றினாலும், ஒரு பாடசாலையிலே கருவுற்ற மாணவியர் சிலரே இருப்பர். அவர்களை அடையாளங் காண்பது கடினமன்று. குற்றஞ் சாட்டப்பட்ட தந்தையிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. இவை இரண்டும் பத்திரிகைத்துறையின் அடிப்படை நெறிகள் சார்ந்த நியாயமான ஆட்சேபங்களே. பாலுறவும் கருத்தடையும் பற்றிய குறிப்புகள் இளைய மாணவருக்கு ஏற்றவையல்ல என்ற மூன்றாவது ஆட்சேபம் விவாதத்திற்குரியது. ஏனெனில் அக்கட்டுரையிற் பேசியவர்களே அப்பாடசாலையின் இளவயதினர்தாம்.

ஆட்சேபம் நியாயமானது எனின் பரிகாரம் யாது என்பதே வினா. தந்தையைக் குறைகூறிய மாணவியின் உண்மைப் பெயர் அதிபர் பார்த்த படியில் இருந்தது. பொறுப்பாசிரியர் அதனை ஏற்கெனவே நீக்கியிருந்தார். அதாவது, திருத்தம் என்ற செயல் அவ்வகுப்பறையினுள் நடந்துகொண்டேயிருந்தது. அடையாளம் வெளிப்படும் வரிகளை மாற்றவும், தந்தையின் கருத்தைக் கேட்கவும், கட்டுரையை ஓர் இதழ் தாமதித்து வெளியிடவும் வழியுண்டு. இவை மாணவருக்குத் தொழிலைக் கற்பித்திருக்கும். பக்கங்களை நீக்கிய செயல் அவர்களுக்குக் கற்பித்தது வேறொன்று: சொந்த வாழ்வைத் தொடாதிருப்பதே பாதுகாப்பு என்பது.

மாணவர் தொடுத்த வழக்கில் 1988 ஜனவரி 13இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் பாடசாலைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1969ஆம் ஆண்டின் ரிங்கர் வழக்கில், வியட்நாம் போருக்கு எதிராகக் கறுப்புப் பட்டி அணிந்த மாணவரின் உரிமையை அதே நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. ஆனால், பாடத்திட்டத்தின் பகுதியாகிய ஒரு பத்திரிகை வேறு வகையானது என்றும், நியாயமான கல்வி நோக்கம் இருப்பின் நிருவாகம் அதனைக் கட்டுப்படுத்தலாம் என்றும் இப்போது கூறப்பட்டது. அவ்வாறு விலக்கத்தக்கவற்றுள், இலக்கணப் பிழையுள்ளவை, செம்மையாக எழுதப்படாதவை, போதிய ஆய்வின்றி எழுதப்பட்டவை என்பனவும் அடங்கின. நீதியரசர் பிரெனன் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இருவர் அவருடன் இணைந்தனர்.

திறனாய்வு பயில்வோரைச் சிந்திக்க வைக்கவேண்டிய இடம் இதுவே. செம்மையின்மை என்பது நமது துறையின் சொல். ஒரு படைப்பு செம்மையாக இல்லை என்று திறனாய்வாளன் கூறும்போது, மீண்டும் எழுது என்பதே அதன் உட்பொருள். அதே சொல்லை அதிகாரம் எடுத்துக்கொள்ளும்போது, எழுதாதே என்பது அதன் பொருளாகிவிடுகின்றது. திறனாய்வுக்கும் தணிக்கைக்கும் இடையிலான வேறுபாடு, அடுத்த படிக்கு இடமளிப்பதா இல்லையா என்பதில் அடங்கியுள்ளது. இலக்கியத் தரத்தின் பெயரால் எழுத்து நிறுத்தப்படுமாயின், தரம் உயர்வதற்கான வழியே அடைபடுகின்றது.

அத்தீர்ப்பின் பின்னர் நிலைமை முற்றாக இருண்டுவிடவில்லை. கலிபோர்னியா 1977இலேயே மாணவர் கருத்துரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கியிருந்தது. கன்சாஸ் 1992இல் அவ்வாறு செய்தது. இன்று பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் உள்ளன. 2017இல் கன்சாஸ் மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் உயர்பாடசாலை மாணவர், தமது பாடசாலைக்குப் புதிதாக நியமிக்கப்பட்ட அதிபரின் கல்வித் தகைமைகள் பற்றி ஆராய்ந்து வினாக்களை எழுப்பினர். அவர் பதவி ஏற்குமுன்னரே விலகினார். அம்மாணவர் பெற்ற பாராட்டு தகுந்ததே. ஆயினும் இத்தகைய அம்பலப்படுத்தலைவிட அன்றாடத்தை எழுதுதல் கடினமானது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. தகைமைச் சான்றிதழுக்கு ஆவணம் உண்டு. பிந்தி வீடு வரும் தந்தையைப் பற்றிய மகளின் மனக்குறைக்கு, அவள் சொல்லும் சொல்லையும் கேட்பவளின் பொறுப்பையும் தவிர வேறு ஆவணம் இல்லை.

எனவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்பலாம். ஆண்டு மலர்களிலே அன்றாட வாழ்வு இல்லாமைக்கு மாணவரின் திறமைக் குறைவை மட்டுங் காரணங் காட்டுதல் பொருந்தாது. எழுதியவரைத் தாங்கி நின்று, திருத்தி, மீண்டும் எழுதச் செய்யும் பதிப்பாசிரியர்கள் போதியளவு இல்லாமையும் அதற்குக் காரணமாகும். ஹேசல்வூட் மாணவியரின் கட்டுரைகள் சிறந்த எழுத்து என்று நிறுவுவது நமது நோக்கமன்று; அவை சிறந்த எழுத்தாக வளரும் வாய்ப்பை இழந்தன என்பதே நமது கவலை. இந்த மலரைப் போன்ற இதழ்களுக்குக் கட்டுரை சேர்ப்போர் மேசைக்கும் இத்தகைய எழுத்து ஒருநாள் வந்து சேரும். அதில் ஒரு பெயர் நீக்கப்பட வேண்டியிருக்கலாம். ஒரு தந்தையிடம் கேள்வி கேட்க வேண்டியிருக்கலாம். அவற்றைச் செய்துவிட்டு அப்பக்கத்தை அச்சுக்கு அனுப்புவதே நம் கடமை.