பாதமும் வரலாறும்: ஓட்டம் பற்றிய ஒரு நூலை முன்வைத்து

குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பங்கினைப் பற்றி 1876இல் ஏங்கெல்ஸ் எழுதி முடிக்காது விட்ட கட்டுரை, அடிப்படையிற் கையின் வரலாறாகும். கை உழைப்பின் உறுப்பு மட்டுமன்று, உழைப்பின் விளைவுமாகும் என்பதே அதன் மையம். நிமிர்ந்த நடையே முதற்படி என அவர் கூறினாரெனினும், அந்நடையைத் தாங்கிய பாதத்துக்குக் கிடைத்தவை ஓரிரு வரிகளே. அவ்விடைவெளியிற் புகுந்து பெருவாசகரைக் கவர்ந்தது, அமெரிக்கப் பத்திரிகையாளர் கிறிஸ்தோபர் மக்டூகல் 2009இல் வெளியிட்ட 'போர்ன் ரு ரன்'. மனித பாதம் நெடுந்தூரம் ஓடவென்றே அமைந்தது. தடித்த அடிகொண்ட சப்பாத்து அதனைக் கெடுத்தது. மெக்சிக்கோவின் செப்புப் பள்ளத்தாக்கில் வாழும் றறாமுறி மக்கள் இதற்குச் சான்று என்பது நூலின் வாதம்.

வாதத்தின் முதற்பகுதி வலுவுடையது. பாதத்தின் 26 எலும்புகள் வளைவாக அமைந்து மீள்தன்மையுள்ள இழையங்களாற் பிணைக்கப்பட்டுள்ளன. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் இழந்து மீளப்பெறும் பொறிமுறைச் சக்தியில் ஏறத்தாழ 35 வீதத்தைக் குதிக்கால் நாணும், 17 வீதத்தைப் பாதவளைவும் சேமித்துத் திருப்பியளிக்கின்றன எனக் கேர், அலெக்சாண்டர் முதலியோர் 1987இல் மதிப்பிட்டனர். சிம்பன்சிக்கு இத்தகைய நீண்ட நாணுமில்லை, வளைவுமில்லை. நடைக்கு இவ்வில் அத்துணை வேண்டப்படுவதில்லையாதலின், ஓட்டமே நம் உடலை வடித்தது என பிராம்பிளும் லீபர்மனும் 2004இல் வாதிட்டமை சிந்திக்கத்தக்கது.

ஆனால் உடலமைப்பிலிருந்து ஒரேயொரு 'இயற்கையான' ஓட்டமுறையை வருவிப்பது வேறு விடயம். வெறுங்காலோடு பழகியோர் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுவர் எனவும், இதனாற் குதியூன்றுவோர் பெறும் திடீர் மோதலைத் தவிர்ப்பர் எனவும் லீபர்மன் குழுவினர் 2010இற் காட்டினர். 2013இலோ, வட கென்யாவிற் சப்பாத்தறியாத டாசனச் மக்கள் 38 பேரை ஆராய்ந்தோர், நெடுந்தூர ஓட்டத்துக்குரிய வேகத்தில் அவர்களுட் பெரும்பான்மையோர் குதியையே முதலில் ஊன்றக் கண்டனர். வேகம், தரை, பழக்கம் ஆகியவற்றுக்கேற்பவே கணுக்கால் தொழிற்படுகிறது. (அபேபே பிகிலா 1960இல் உரோமில் வெறுங்காலோடு வென்றமையை நினைவுகூர்வோர், 1964இல் ரோக்கியோவிற் சப்பாத்தணிந்து அதனினும் விரைவாக வென்றமையை ஏனோ மறந்துவிடுகின்றனர்.) சந்தைக்கு இந்நுணுக்கங்கள் வேண்டியிருக்கவில்லை. வெறுங்காலே பண்டமாயிற்று. ஐவிரற் பாதணி விற்ற விப்ரம் நிறுவனம், அதன் நலன்கள் பற்றிய விளம்பரம் தொடர்பான வழக்கை 2014இல் 37.5 இலட்சம் டொலருக்கு இணங்கித் தீர்த்தது.

நூலின் மூலக் குறைபாடு அதன் கதைசொல்லலிலேயே உள்ளது. றறாமுறியர் துணைத்தலைப்பிலேயே 'மறைந்திருக்கும் பழங்குடி' ஆகின்றனர். யாருக்கு மறைந்தோர்? மலைச்சரிவிற் பயிரிட்டு, ஆடு மேய்த்து, நாள்தோறும் ஏறியிறங்கும் ஒரு சமூகத்தின் உழைப்பு, இங்கு நகரத்து ஓட்டக்காரனின் இழந்த சொர்க்கமாகிவிடுகிறது. போதைப்பொருட் கும்பல்களின் வன்முறை நூலிற் கூறப்படாமலில்லை. எனினும் அது சாகசக் கதைக்குப் பின்திரையாகவே தொங்குகிறது. அவர்கள் வெறுங்காலினருமல்லர், ரயர்த் துண்டிற் செய்த செருப்பணிந்தே ஓடுகின்றனர். மக்டூகல் இதனைப் பதிவுசெய்கிறார், ஆயின் இதன் பொருளை ஆராயவில்லை.

நூலின் அறிவியற் பகுதிக்குத் துணைநின்ற லீபர்மனே, றறாமுறியர் ஒருவர் உட்பட்ட குழுவினருடன் 2020இல் எழுதிய கட்டுரையில், 'இயல்பிலேயே வீரராகிய காட்டுமனிதர்' என்னும் கற்பிதத்தை மறுத்துரைத்தார். அங்கு ஆடவரின் பந்தோட்டமும் பெண்டிரின் வளையவோட்டமும் பந்தயமும் வழிபாடுமாகும். எல்லோரும் நெடுந்தூரம் ஓடுவோருமல்லர். பாதவளைவு எல்லார்க்கும் பொது. அதனைக் கொண்டு யார், எதன்பொருட்டு, எத்தரையில் ஓடுகின்றனர் என்பதை மக்டூகலின் நூல் கேட்கவில்லை.