அட்டையில் 45, நாடாவில் 18

கணினித் தரவைச் சேமிக்கும் எல்டிஓ-9 காந்த நாடாவை வாங்கினால் அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும்: 18 டெராபைட், 45 டெராபைட். முதலாவது நாடாவில் உண்மையாகவே உள்ள இடம். இரண்டாவது, எழுத வரும் தரவை டிரைவ் இரண்டரை மடங்கு சுருக்கிவிடும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. இந்த வழக்கம் பினாங்குக்குப் புதிதல்ல. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் சேமிப்புக் கருவிப் பிரிவை 1994இல் வாங்கிய குவாண்டம், அதோடு வந்த டிஎல்டி நாடா டிரைவ்களைப் பிற்பாடு பினாங்கில் தயாரித்தது. 2002இல் அந்த வேலை ஜேபில் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த வரிசையில் வந்த டிஎல்டி 8000 டிரைவும் '40/80 ஜிகாபைட்' என்றுதான் விற்றது. அப்போது இரண்டால் பெருக்கினார்கள். 2012இல் வந்த எல்டிஓ-6 முதல் இரண்டரையால் பெருக்குகிறார்கள். இது வெறும் விற்பனைத் தந்திரம் என்று தள்ளிவிடவும் முடியாது. இப்போதுதான் கடந்துபோன தரவை நினைவில் வைத்துக்கொண்டு, அதே துண்டு மறுபடி வந்தால் அதற்கு ஒரு சிறு குறிப்பை மட்டும் எழுதுவது டிரைவின் முறை. அந்த நினைவின் அளவு எல்டிஓ-6இல் 1 கிலோபைட்டிலிருந்து 16 கிலோபைட்டாக உயர்ந்தது. பெருக்கும் எண் உயர்ந்ததற்கு அதுவே காரணம்.

ஆனால் சுருங்குவதும் சுருங்காததும் தரவின் கையில் இருக்கிறது. தமிழ் எழுத்துகள் யுடிஎஃப்-8 முறையில் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் எடுக்கும். 'பினாங்கு' என்ற சொல்லுக்கு 24 பைட். அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றே. இரண்டாவது பைட்டுக்கு இரண்டே மதிப்புகள்தான். திரும்பத் திரும்ப வரும் இத்தகைய தரவு டிரைவுக்கு நல்ல தீனி. ஜார்ஜ் டவுனில் ஒரு சங்கம் தன் பழைய கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து வைத்தால் நன்றாகவே சுருங்கும். அதே குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து ஜேபெக் படங்களாகவும், திருவிழாப் பதிவுகளை எம்பி4 கோப்புகளாகவும் வைத்தால், அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. மேலும் பிழிய ஒன்றுமில்லை. ஆவணக் காப்பகங்களில் இடத்தை அடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அவற்றுக்கு அட்டையிலுள்ள 45 வெறும் அலங்காரம்.

அப்படியானால் டிரைவின் சுருக்க வசதியை அணைத்துவிடலாமே என்பார்கள். வேண்டாம். சுருங்காத தரவு வந்தால் எல்டிஓ டிரைவ் அதை அப்படியே கடத்திவிடும். நஷ்டம் மிகச் சொற்பம். கணினியிலேயே வலுவான மென்பொருளால் சுருக்கி அனுப்பினால் இன்னும் இடம் மிச்சமாகுமே என்ற வாதம் இதைவிடக் கனமானது. உரைக் கோப்புகளுக்கு அது உண்மையும்கூட. ஆனால் ஆயிரம் கோப்புகளை ஒரே சுருக்கக் கோப்பாகக் கட்டிவிட்டால், நடுவில் ஓரிடம் கெட்டாலும் அதற்குப் பின்னால் இருப்பதை மீட்பது பெரும்பாடு. மறையாக்கம் செய்பவர்கள் மட்டும் வரிசையில் கவனமாக இருக்க வேண்டும்: முதலில் சுருக்கம், பிறகே மறையாக்கம். மறையாக்கிய தரவு துளியும் சுருங்காது.

இந்தச் சர்ச்சையில் மறந்துபோவது எழுதும் விதம். பழைய ஒன்பது தட நாடாக்களில் அதன் விளைவு கண்ணுக்கே தெரிந்தது. அங்குலத்துக்கு 1600 பைட் அடர்த்தியில், 80 பைட் பதிவு ஒன்று நாடாவில் 0.05 அங்குலம்தான் பிடிக்கும். ஆனால் இரண்டு பதிவுகளுக்கு நடுவே 0.6 அங்குலம் வெற்றிடம் விட்டாக வேண்டும். 2400 அடிச் சுருளில் பதிவுகளை இப்படி ஒவ்வொன்றாக எழுதினால் மூன்றரை மெகாபைட்தான் கொள்ளும். நூறு பதிவுகளைச் சேர்த்து 8000 பைட் தொகுதியாக எழுதினால் அதே சுருளில் 41 மெகாபைட். எந்தச் சுருக்கமும் இல்லாமல் கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு ஆதாயம் இது!

அந்த வெற்றிடங்கள் இன்று இல்லை. பாடம் மட்டும் மாறவில்லை. முழு உயர எல்டிஓ-9 டிரைவ் விநாடிக்கு 400 மெகாபைட் எழுதும். ஒரு நாடா நிரம்பப் பன்னிரண்டரை மணி நேரம் போதும். சாதாரண ஜிகாபிட் வலையமைப்பிலிருந்து நேராக ஊட்டினால் விநாடிக்கு 115 மெகாபைட் வருவதே அதிகம்; வேலை 43 மணி நேரத்தைத் தாண்டும். இடையிடையே தரவு தீர்ந்து, நாடா நின்று, பின்னால் ஓடி, மறுபடி புறப்படும். தலையும் நாடாவும் தேயும். சின்னச் சின்னக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் பின்னால் முடிப்புக்குறி போட்டு உடனே எழுதச் சொல்லும் மென்பொருள், அரைகுறையாக நிரம்பிய தொகுதிகளால் இடத்தையும் வீணாக்கும். எல்லாவற்றையும் முதலில் வேகமான வட்டில் திரட்டிக்கொண்டு, பெரிய தொகுதிகளாக ஒரே மூச்சில் எழுதுவதுதான் வழி. இதற்குத் தனி வட்டு வாங்கும் செலவு வீண் என்பது கணக்காளர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆட்சேபம். டிரைவின் விலையோடு வைத்துப் பார்த்தால் அது நிற்காது.

பினாங்கில் இன்னொன்றும் உண்டு. நாடாவை நீண்ட காலம் வைக்க 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும் என்கிறார்கள். கடலோர நகரத்தில் சாதாரண அலமாரி எதுவும் இந்த நிபந்தனையைக் காப்பாற்றாது. புதிய எல்டிஓ-9 நாடா முதல்முறை உள்ளே போகும்போது டிரைவ் அதை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். டிரைவ் இருக்கும் குளிரறையிலேயே நாடாவை முன்கூட்டி வைத்துப் பழக்கிய பிறகே அதைச் செய்ய வேண்டும். ஈரத்தில் ஊறிய நாடாவில் 18 என்ன, 45 என்ன?

ஆகவே விலைப்புள்ளி கேட்கும் சங்கங்களும் பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் சுருக்கத்துக்கு முந்திய அளவை மட்டும் எழுதிக் கேளுங்கள். 18க்குத் திட்டமிட்டு, ஒரே தரவை எழுத இரண்டு நாடாக்கள் வாங்கி, இரண்டாவதைத் தீவுக்கு வெளியே, பட்டர்வொர்த் பக்கம் ஒரு குளிரறையில் வையுங்கள்.